மருந்து படாத மிளகாய்

கம்பில் கட்டிய பூச்சிப் பொறியின் அடியில் தொங்கும் பாலித்தீன் பையை அவிழ்த்து, உள்ளே விழுந்து கிடக்கும் அந்துப்பூச்சிகளை உள்ளங்கையில் கொட்டிப் பார்க்கிறார் உலகம்மாள். எல்லாம் ஆண் பூச்சிகள். பெண் பூச்சியின் வாசம் ஏற்றிய ரப்பர் வில்லையைத் தேடி வந்து மாட்டிக்கொண்டவை. "பாவந்தான். ஆனா இதுக ஜோடி சேந்தா எங் காயிலதான புழு வைக்கும்" என்றபடி அடுத்த கம்புக்கு நடக்கிறார். பரமக்குடிக்குக் கிழக்கே ஒன்றரை ஏக்கர் குண்டு மிளகாய். அதற்குள் எட்டுப் பொறிகள், தோட்டக்கலைத் துறை மானியத்தில் தந்தவை.

ஐம்பது வயதிருக்கும். அதிகம் பேசமாட்டார். வேப்பங்கொட்டையை இடித்து ஊறவைத்த சாற்றைத் தெளிக்கும் நாளிலும் மூக்கையும் வாயையும் முந்தானையால் இறுக்கிக் கட்டிக்கொள்வார். வேம்புக்கு எதற்கு இது என்று கேட்டால் முடிச்சை இன்னும் இறுக்கிக்கொள்வார்.

நான்கு வருடங்களுக்கு முன் அவர் கணவர் சாத்தையா, தம்பி முத்துராமலிங்கத்தின் வயலுக்கு மருந்தடிக்கப் போனார். எதிர்காற்று. மதியம் வரப்பில் சரிந்தவர் ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை. கருமாதி முடிந்த மறுவாரம் உலகம்மாள் தனியே பஸ் ஏறித் தோட்டக்கலை அலுவலகம் போனார். விஷம் இல்லாமல் மிளகாய் விளைய வைக்க முடியுமா என்று கேட்டார். முடியும் என்றவர் உதவி அலுவலர் சாலிஹா, தேவிபட்டினத்துப் பெண்.

முதல் வருடமே இலைப்பேன் விழுந்து செடியெல்லாம் சுருண்டது. ஒரே ஒரு தடவை அடித்துவிடு என்றது ஊர். உலகம்மாள் அடிக்கவில்லை. பாதிக் காய்தான் மிஞ்சியது. வயலைப் பார்வையிட வந்த சாலிஹா முகம் கொடுக்க முடியாமல் நின்றார். "செடிதானம்மா போச்சு. ஆளு போகலைல்ல" என்றார் உலகம்மாள்.

கொழுந்தனோடு சண்டை இல்லை. பேச்சும் இல்லை. இரண்டு வயலுக்கும் நடுவே ஒரே வரப்பு.

இந்தத் தை மாதம் முத்துராமலிங்கத்தின் காயில் புழு விழுந்தது. மூன்று முறை அடித்தும் அடங்கவில்லை. நான்காம் முறை தெளிப்பானைத் தோளுக்குத் தூக்கியவர், அப்படியே கீழே இறக்கி வைத்துவிட்டு வரப்புக்கு வந்தார்.

"மதினி, ஆபீசுல இந்தப் பொறி இன்னும் குடுக்குறாகளா?"

இந்த வருடத்துக்கான பொறிகள் கொடுத்து முடிந்துவிட்டன, இனி அடுத்த வருடம்தான் என்பது உலகம்மாளுக்குத் தெரியும். அவர் தன் வயலின் ஓரத்தில் நின்ற இரண்டு கம்புகளைப் பொறியோடு பிடுங்கினார். சாத்தையா விழுந்த இடத்தைத் தாண்டி நடந்து, கொழுந்தன் வயலின் நடுவில் ஊன்றி, வெறுங்காலால் மண்ணை மிதித்து இறுக்கினார்.