மீசையைப் பிடுங்கச் சொன்ன சார்

குமணன்சாவடி நர்சரியில் பதினெட்டு வருஷமாகப் புல் பதிக்கிறவள் அங்கம்மா. புல்லைப் பற்றி அவளுக்கே வகுப்பெடுக்க வந்தவர்கள் எத்தனையோ பேர். ஆனால் தோட்டம் டிசைன் செய்கிற ரோஹித் மாதிரி ஒருவரை அவள் பார்த்ததில்லை. காட்டுப்பாக்கத்தில் ஏழாவது மாடி ஃபிளாட். மண்ணை அவர் பார்ப்பதே லிஃப்டை விட்டு இறங்கும்போதுதான்.

கடற்கரை விடுதி ஒன்றுக்குத் தோட்டம் போடும் வேலை அவருக்கு வந்தது. அங்கம்மாவையும் நாலு பெண்களையும் வேனில் ஏற்றிப் போனார். விடுதிக்கும் கடலுக்கும் நடுவே ஆளுயர மணல்மேடு. அதன்மேல் முழுக்க முள்புல். ராவணன் மீசை என்று அங்கே பெயர்.

"இதெல்லாம் பிடுங்கிடுங்க. லான் விரிக்கணும். கெஸ்ட் நடக்கிற இடம்," என்றார் ரோஹித்.

அங்கம்மா ஒரு கொடியைப் பிடித்து இழுத்தாள். லேசில் வரவில்லை. பன்னிரண்டு அடித் தண்டு, கணுவுக்குக் கணு வேர். விறைத்த இலைகளின் பின்னால், காற்று கொண்டுவந்த மணல் குட்டிக் குட்டிக் குவியலாக ஒதுங்கியிருந்தது. மணல் மூட மூட, புல் மேலே மேலே துளிர்த்து ஏறியிருந்தது.

"சார், மேடு இத்தாலதான் நிக்குது. நம்ம லான் புல்லு வேரு நாலு விரக்கடை போவாது. மணலு மூட்ச்சினா செத்துப்பூடும்."

"அக்கா, டிசைன் என் வேலை. பிடுங்கறது உங்க வேலை."

டிசைனாம். பாய் மாதிரிச் சுருட்டி வைத்த புல்லை விரிக்க ஒரு டிசைன். அவள் பிடுங்கினாள், ஆனால் தெற்குக் கோடியை மட்டும், கை கிழிகிறது என்று சாக்குச் சொல்லித் தொடாமல் விட்டாள்.

ஐப்பசிக் காற்றில் மேடு பாதி கரைந்து, விடுதியின் சாப்பாட்டுக் கூடத்துக்குள் வந்து உட்கார்ந்தது. லான் மணலுக்கடியில் மக்கிப்போனது. தெற்குக் கோடி மட்டும் அசையவில்லை.

அதைக் காட்டி ரோஹித் விடுதி மேனேஜரிடம் சொன்னார்: "டெஸ்ட்டுக்காக நாங்க விட்டுவச்ச பகுதி சார் இது."

கூட வந்திருந்த அங்கம்மா குறுக்கே வந்தாள். "இன்னா டெஸ்ட்டு சார்? நீங்க பிடுங்கத்தான் சொன்னீங்க. நான்தான் உட்டு வச்சேன்."

ரோஹித் போனில் எதையோ தேட ஆரம்பித்தார். மேனேஜர் அவளிடம் திரும்பி, இனி என்ன செய்வது என்று கேட்டார்.

மூன்று கணு உள்ள துண்டாக வெட்டி, இரண்டு கணு ஈர மணலுக்குள் போகும்படி நடச் சொன்னாள். நட்டார்கள். அடுத்த கோடைக்குள் மேடு முழங்கால் அளவு ஏறியது.

ரோஹித் அதன் முன்னால் நின்று எடுத்த படத்தை, 'எங்கள் சிந்தனை' என்று இணையத்தில் போட்டிருந்தார். நர்சரிப் பெண்கள் போனில் காட்டினார்கள். அங்கம்மா பார்த்தாள்.

"ஷூ நல்லா கீது," என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஹோஸ் குழாயை எடுத்துக்கொண்டு போனாள்.