பெரியவள் திறந்த மூடி

அண்ணனுக்கும் தம்பிக்கும் வாழ்க்கைப்பட்ட இரண்டு பேர் ஒரே வீட்டில் மாடியும் கீழுமாகக் குடியிருந்துகொண்டு, ஒரே பல்கலைக்கழகத்தில் வேதியியல் பாடமும் எடுத்தால் என்ன ஆகும்? அடுக்களையோடு முடியவேண்டிய பொருமல் ஆய்வகம் வரைக்கும் வரும். வந்தது.

கீழ்வீடு பெரியவளுடையது. முதலாம் ஆண்டு வகுப்பும் அவளுடையதுதான், எத்தனையோ வருஷமாக. அவள் கரும்பலகையில் எழுதினால் ஓர் எழுத்து கோணாது. பிள்ளைகள் வாயைத் திறக்காமல் எழுதிக்கொள்வார்கள், பரீட்சையில் அப்படியே கக்கிவிட்டுப் போவார்கள். அதில் அவளுக்கு எந்தக் குறையும் தெரிந்ததில்லை.

பிறகு மாடிவீட்டுச் சின்னவள் வேலைக்குச் சேர்ந்தாள். சேர்ந்தவள் சும்மா இருந்தாளா? மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளைக் குழுக்களாகப் பிரித்து, குழுவுக்கொரு கேள்வியைக் கொடுத்து, "நீங்களே கண்டுபிடிச்சு எனக்குச் சொல்லுங்க" என்று விட்டுவிட்டாள். அங்கே ஒரே அமர்க்களம். சண்டை போடுவார்கள், சிரிப்பார்கள், "போடா, உன் கணக்கே தப்பு" என்று கத்துவார்கள். பக்கத்து அறையில் நின்ற பெரியவளுக்குக் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியதுபோல் இருக்கும். தன் வகுப்பை நினைத்துப் பார்ப்பாள். கொட்டாவிதான் ஞாபகத்துக்கு வரும்.

துறைத் தலைவர் அவளைக் கூப்பிட்டார். "அடுத்த வருஷம் முதலாம் ஆண்டையும் உங்க ஓரகத்திகிட்டயே குடுத்துடலாமான்னு பாக்கறேன். அவங்க பசங்க சொந்தமா யோசிக்கறாங்க."

"எம் பசங்க தலையில என்ன களிமண்ணா சார் இருக்கு? நானும் குழு பிரிச்சுக் காட்டறேன்."

"காட்டுங்க. கடைசியில பிள்ளைங்களே வந்து பேசட்டும். அப்புறம் முடிவு பண்றேன்."

காட்டினாள். படிகாரக் கரைசலில் ஒரு துளிப் படிகத்தை நூலில் கட்டித் தொங்கவிட்டு, கண்ணாடிபோல் ஒரே பெரிய படிகமாக வளர்க்க வேண்டும். அதுதான் வேலை. முதல் மதிப்பெண் வாங்குகிறவர்களை எல்லாம் பொறுக்கி ஒரே குழுவில் போட்டாள். அவர்களுடைய பாத்திரத்தை ஜன்னலோர மேடையில் வைத்தாள். கடைசி பெஞ்சுக் கூட்டத்துக்கு மூலை அலமாரி போதும் என்றாள்.

மாடிப்படியில் பார்க்கும்போதெல்லாம் சின்னவள் கேட்பாள்: "அக்கா, உங்க படிகம் எப்படி வளருது?"

கேட்டவள் நல்ல மனதோடுதான் கேட்டாள். பெரியவளுக்குத்தான் அடிவயிற்றில் பற்றிக்கொண்டது. பிள்ளைகள் கிளம்பியதும் ஆய்வகத்துக்குள் போவாள். ஜன்னலோரப் பாத்திரத்தின் மூடியைத் திறப்பாள், நூலைத் தூக்கிப் பார்ப்பாள், திரும்ப இறக்குவாள். தூசி விழக்கூடாது, ஆட்டக்கூடாது என்பது அவளுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஒரே ஒரு பார்வைதானே என்று தினமும் ஒரு பார்வை.

கெட்டிக்காரர்களின் பாத்திரத்தில் அடியெல்லாம் பொடிப்பொடியாகப் படிகங்கள் முளைத்தன. கடைசி பெஞ்சுக்காரர்களின் படிகமோ பளிங்காகப் பருத்தது.

"திருடிட்டீங்களாடா?" என்றார்கள் கெட்டிக்காரர்கள்.

"படிகத்தை எப்படிடீ திருடறது? நூலோட முழுங்கவா?" என்றாள் மூலை அலமாரிக் கூட்டத்துச் சுருட்டைமுடிக்காரி.

திட்டித் தீர்த்த பிறகு இரண்டு கூட்டமும் ஒன்றாக உட்கார்ந்தது. பெரியவளிடம் சொல்லாமல் பாத்திரங்களை இடம் மாற்றி வைத்தார்கள். இப்போது ஜன்னலோரம் வந்த நல்ல கரைசல் கெட்டது. அலமாரிக்குப் போனது தெளிந்து வளர்ந்தது. அப்படியானால் குற்றம் கரைசலில் இல்லை, இடத்தில். வெயிலா? ஜன்னலுக்குத் திரை போட்டார்கள். காற்றா? விசிறியை நிறுத்தினார்கள். அப்படியும் கெட்டது. கடைசியில் ஒரு சாயங்காலம் கதவுக்குப் பின்னால் ஒளிந்து நின்றார்கள். பார்த்தார்கள்.

கடைசி நாளில் துறைத் தலைவரும் சின்னவளும் வகுப்புக்கு வந்து உட்கார்ந்தார்கள். சுருட்டைமுடிக்காரி எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள்.

"சரி, வெயில் இல்ல, காத்தும் இல்ல. பின்ன என்னதான் காரணம்?"

"ஒரு கை சார். தினமும் மூடியைத் திறந்த கை."

"யாரு கை?"

சுருட்டைமுடிக்காரி கூரையைப் பார்த்தாள். பக்கத்திலிருந்தவன் சொன்னான்: "எங்க மேல ரொம்பப் பாசமான கை சார்."

வகுப்பே குலுங்கிச் சிரித்தது. பெரியவள் முகம் சிவந்துபோய் எழுந்தாள். "நான்தான் சார். எங்க ஓரகத்தி மாடிப்படியில கேட்டுக்கிட்டே இருந்தா, எனக்கு இருப்புக் கொள்ளல."

துறைத் தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சிரிப்பை அடக்கத்தான். "பிள்ளைங்க பிரமாதமா கண்டுபிடிச்சிருக்காங்க. முதலாம் ஆண்டு உங்களுக்கே. ஆனா ஆய்வகச் சாவி மட்டும் உங்க ஓரகத்திகிட்ட இருக்கட்டும்."

வகுப்பு கிடைத்த சந்தோஷத்தை அந்தச் சாவி பாதியாகத் தின்றுவிட்டது. சின்னவளின் வண்டியில் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு தள்ளி உட்கார்ந்து வீடு திரும்பினாள். ஓட்டிக்கொண்டிருந்த சின்னவள்தான் பேச்செடுத்தாள்.

"அக்கா, ஒண்ணு சொன்னா கோச்சுக்காதீங்க. பாத்திரத்தை இடம் மாத்திப் பாக்கணும்னு எம் பசங்களுக்கு ஒருநாளும் தோணினதில்ல. எனக்கு அங்கயே வயிறு எரிஞ்சுது."

"நிஜமாவா?"

"நிஜமாத்தான்."

"எவ்வளவு எரிஞ்சுது?"

"போங்கக்கா!"

"இல்ல, சொல்லு. முழுசா சொல்லு" என்று பெரியவள் இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள்.