கோணியில் வந்த கடுவன் பூனை

நாலாம் வகுப்போடு படிப்பை விட்டு ஊர் ஊராய்த் திரிந்தவன் நான். யுத்த காலத்தில் ஆவடியில் முகாம் கட்டும் வேலை கிடைத்து, பருத்திப்பட்டில் முனியம்மா அக்கா வீட்டில் தங்கினேன். தனிக்கட்டையான அக்காவுக்கு ஒரு கிழட்டுப் பெண் பூனைதான் துணை.

எலித் தொல்லை அதிகமானதால், பூந்தமல்லியிலிருந்து ஒரு கடுவன் பூனையைக் கோணியில் கட்டி எடுத்து வந்தேன். வந்த வழி மறக்கட்டும் என்று கோணியை மூன்று தரம் சுற்றினேன். ஓடிவிடக் கூடாதென்று கதவைச் சாத்திவிட்டு, கிழப் பூனை படுத்திருந்த அடுப்படியிலேயே அவிழ்த்தேன். தலை சுற்றி மிரண்டிருந்த கடுவன் அதன்மேல் பாய்ந்தது. ஓட வழியில்லாமல் கிழப் பூனை கடிபட்டது. பிரிக்கப் போன என் கையும் கிழிந்தது. அக்கா வந்து கதவைத் திறந்ததும் கிழப் பூனை வீட்டுக்குப் பின்னால் இருந்த ஏரிப் பக்கம் ஓடிவிட்டது.

“இன்னா நைனா, விருந்தாளிய இட்டுகினு வந்து ஊட்டுக்காரியத் தொரத்திட்டியே!” என்றாள் அக்கா.

கடுவனை அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிட்டேன். கருவாட்டோடு ஏரிக்கரையில் தினமும் கூப்பிட்டேன். கிழப் பூனை புதரோரம் நின்று பார்க்கும். கிட்டே போனால் ஓடிவிடும். அக்கா குரலுக்கும் வரவில்லை. பத்தாம் நாள் முதல் கண்ணிலேயே படவில்லை.

இப்போதெல்லாம் பூனை இருக்கும் வீட்டுக்குப் புதுப் பூனை கொண்டுவந்தால், அதை நாலு நாள் தனியாகக் கட்டி வைத்து, அந்த வீட்டுப் பழைய பூனை படுத்த துணியை அதற்குப் போடுகிறேன். வாசனை பழகிய பிறகுதான் அவிழ்க்கிறேன். ஓடுவதென்றால் புதியது ஓடட்டும் என்று கதவைத் திறந்தே வைக்கிறேன்.