பவளம்மாவின் மரண அறிவித்தல்

பவளம்மா காலமான செய்தியை உலகத்துக்கு அறிவித்தவள் நான்தான். அப்போது எனக்குப் பத்து வயது. பவளம்மா ஒரு தொலைக்காட்சி நாடகத்தில் வந்த மாமியார்.

சித்தப்பா கொக்குவிலில், ரயில் பாதைக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டு முன்னறையில், சின்னதாக ஒரு கணினிக் கடை வைத்திருந்தார். பகலில் அங்கே நடக்கும் முக்கியமான வேலை மரண அறிவித்தல்களைத் தட்டெழுதிக் கொடுப்பது. மாலையில் அவர் தன்னுடைய இணையத்தளத்தைக் கவனிப்பார். அது பிறந்த கதை எளிது. எந்த நாடகம் எத்தனை மணிக்கு என்று கேட்டுக் கேட்டு அயலட்டத்துச் சனம் அவரை வேலை செய்ய விடவில்லை. முதலில் நேரங்களை ஒரு தாளில் எழுதிக் கதவில் ஒட்டினார். மழை அதைக் கரைத்துவிட்டது. பிறகு இணையத்தில் ஏற்றினார். நேரத்தோடு நடிகர்களின் பெயர்கள் சேர்ந்தன. அடுத்து அன்றன்றைய கதைச் சுருக்கமும் சேர்ந்தது. மின்சாரம் போய் நாடகத்தைத் தவறவிட்டவர்களுக்கு அது பெரிய உபகாரம். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் தன் பெயரையும் கொக்குவில் என்ற ஊர்ப் பெயரையும் மறக்காமல் போடுவார்.

ஒரு சிக்கல் இருந்தது. சித்தப்பாவுக்கு நாடகம் என்றால் ஆகாது. அழுகைச் சத்தம் கேட்டாலே முற்றத்துக்கு எழுந்து போய்விடுவார். எனவே கதைச் சுருக்கம் எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. நான் அதைத் திறமையாகவே செய்தேன், அதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. தட்டெழுத்து பழகியது அவருடைய கடையில் என்பதால், எனக்குத் தெரிந்த ஒரே கம்பீரமான தமிழ் மரண அறிவித்தல் தமிழ்தான்.

மருமகளை மாதக்கணக்கில் ஆட்டிப்படைத்த பவளம்மா ஒரு வெள்ளிக்கிழமை மாடிப்படியில் உருண்டு இறந்துபோனார். அவ்வளவு பெரிய ஆளை 'பவளம்மா இறந்தார்' என்று இரண்டு சொல்லில் முடிப்பது எனக்கு அநியாயமாகப் பட்டது. சித்தப்பா யாருடையதோ கணினியைத் திருத்த நீர்வேலிக்குப் போயிருந்தார். நான் மரண அறிவித்தல் கோப்பைத் திறந்து பெயர்களை மாற்றினேன். பவளம்மா பிறந்த ஊர் நாடகத்தில் வரவில்லை. ஏற்கெனவே இருந்த கொக்குவிலையே விட்டுவிட்டேன். 'உற்றார் உறவினர் நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளுமாறு' கேட்டுக்கொண்டேன். கடைசியில் ஒரு தொலைபேசி இலக்கம் வேண்டும். எங்கள் வீட்டு இலக்கத்தைப் போட்டு, தளத்தின் முதல் பக்கத்தில் ஏற்றினேன்.

மறுநாள் காலை அவுஸ்திரேலியாவிலிருந்து முதல் அழைப்பு வந்தது. மத்தியானம் பிரான்ஸ். அப்பாவின் தூரத்து ஒன்றுவிட்ட தம்பி ஒருவர் அரைமணி நேரம் துக்கம் விசாரித்துவிட்டு, தயங்கித் தயங்கிக் கேட்டார்: "அண்ணை, குறை நினைக்காதேங்கோ. பவளம்மா எங்களுக்கு என்ன முறை?" அழைத்தவர்களில் அவர் ஒருவருக்குத்தான் அதைக் கேட்கத் துணிவு வந்தது. மற்றவர்கள் எல்லோரும் பவளம்மா தங்கமான மனுசி என்றே சொன்னார்கள்.

அப்பா கொதித்துப்போனார்.

"எல்லாரும் உயிரோடை இருக்கிற வீட்டிலை இருந்து செத்தவீட்டு நோட்டீஸோ?" என்று சித்தப்பாவிடம் கத்தினார். "இண்டைக்குப் பின்னேரத்துக்கிடையிலை உந்தத் தளத்தை மூடு. இனி உது வேண்டாம்."

சித்தப்பாவின் சந்தோஷம் முழுவதும் அந்தத் தளத்தில்தான் இருந்தது, அதை நான் கெடுத்துவிட்டேன்.

அப்பாவுக்குச் செத்தவீடு சாதாரண விஷயம் இல்லை. எங்கள் ஊரில் கோபித்துக்கொண்டு முகம் பார்க்காதவர்கள்கூடச் செத்தவீட்டுக்கு வந்துவிடுவார்கள். வந்தால் கோபம் அந்த முற்றத்திலேயே முடிந்துபோகும். கனடாவில் இருந்த மாமி, அப்பாவின் ஒரே அக்கா, தன் தகப்பனான அப்பப்பாவின் செத்தவீட்டுக்கு வரவில்லை. யுத்தம் நடந்த காலம், பாதை பூட்டியிருந்தது, வரமுடியாது என்று எல்லோருக்கும் தெரியும். அப்பாவுக்கும் தெரியும். இருந்தும் அன்றோடு மாமியுடன் பேச்சை விட்டார். இடம்பெயர்ந்து திரும்பி வந்தபின் எடுத்த புது இலக்கத்தையும் மாமிக்குக் கொடுக்கக் கூடாது என்று வீட்டில் எல்லோருக்கும் கட்டளை.

பின்னேரம், சித்தப்பா கணினிக்கு முன்னால் போய் உட்கார்ந்த நேரம், தொலைபேசி மறுபடி அடித்தது. நான் எடுத்தேன்.

"பிள்ளை, நான் கனடாவிலை இருந்து மாமி கதைக்கிறன்," என்றது ஒரு குரல். "பவளம்மா செத்துப்போனாவாம். செத்தவீடு எண்டால் விசாரிக்காமல் இருக்கக் கூடாதெல்லோ. அப்பாவிட்டைக் குடு."

அப்பா ரிசீவரைப் பறித்தார். "செத்தது ஒரு நாடகக்காரி!" என்று தொடங்கியவர் அப்படியே நின்றுவிட்டார்.

"அக்கா," என்றார் பிறகு. "ஒருத்தரும் சாகேல்லை அக்கா. நாங்கள் எல்லாரும் இருக்கிறம்."

மாமி உரத்துப் பேசினார், எனக்கும் கேட்டது. "அப்ப எல்லாரும் இருக்கேக்கையே வாறன்."

அப்பா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று அழுதார். என்னால் வந்த அவமானத்தில்தான் அழுகிறார் என்று நினைத்து நானும் அழுதேன். சித்தப்பா அறை வாசலில் வந்து நின்று, "அப்ப தளத்தை மூடட்டோ அண்ணை?" என்றார். அப்பா முகத்தைத் துடைத்துக்கொண்டு, "கிடக்கட்டும்," என்றார். பவளம்மாவின் அறிவித்தல் அதற்குப் பிறகும் இரண்டு கிழமை முதல் பக்கத்திலேயே இருந்தது.

அடுத்த பள்ளி விடுமுறையில் மாமி வந்தார். நாடகத்தில் செத்த ஒருத்திக்காக அவ்வளவு தூரத்திலிருந்து அழைத்து ஏமாந்துபோன மனுசி என்று எனக்கு அவர்மேல் பெரிய இரக்கம். தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது என்னைப் பக்கத்தில் இருத்தினார்.

"நல்லாய் எழுதுறாய் பிள்ளை. ஆனால் பவளம்மா படியிலை விழுறதுக்கு முதல் நாள் கதையை நீ போடேல்லை. நான் மூண்டுதரம் தளத்திலை வந்து பாத்தனான்."

"அண்டைக்கு எங்களுக்குக் கரண்ட் இல்லை மாமி," என்றேன் மிடுக்காக. ஒரு வாசகியின் முறைப்பாட்டுக்குச் சரியான பதில் சொல்லிவிட்ட திருப்தி எனக்கு. மாமி என் தலையைத் தடவிச் சிரித்தார்.

இன்று இரண்டு வரியில் கதைச் சுருக்கம் எழுதுவதே என் தொழில். எந்தப் பாத்திரம் எதற்காகப் பொய் சொல்கிறது என்பதை ஒரு காட்சியிலேயே பிடித்துவிடுவேன். ஆனால் அன்று எங்கள் வீட்டுக்கு அழைத்துத் துக்கம் விசாரித்தவர்களில், பவளம்மா யார் என்று சரியாகத் தெரிந்தவர் மாமி ஒருவர்தான் என்பது எனக்கு உறைக்க எத்தனையோ வருடங்கள் ஆயின.