காலித் தட்டில் நாலு கிலோ

பேருந்து நிலையத்து வாசலில், நடைபாதையில் உட்கார்ந்து சாவி செய்கிறவன் நான். எனக்கு இடது பக்கம் எடை மெஷினோடு உட்கார்ந்திருந்த பெரியவரைப் பற்றிப் பேச எனக்கு அருகதை உண்டா என்று தெரியவில்லை. ஆனாலும் சொல்லித்தான் தீர வேண்டும். திருப்புளி என்னுடையது.

நாற்பது வருஷம் கிடங்கில் மூட்டை தூக்கியவர். முதுகு போனதும் முதலாளி பெரிய மனசு பண்ணி, ஒரு பழைய எடை மெஷினைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார். மனைவி போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. மகன் எங்கோ இருக்கிறான். இருக்கிறான் என்பதோடு சரி. மாடிப்படிக்கு அடியில், காலை நீட்டினால் கதவில் இடிக்கும் ஓர் அறை. அதில் அவரும் ஒரு பழுப்பு நாயும்.

நாயின் பெயர் எடைக்கல். ஆறு வருஷத்துக்கு முன்பு ஓர் அதிகாரி இரும்புக் கற்களோடு வந்து, மெஷினைச் சோதித்து, சரி என்று முத்திரை குத்திவிட்டுப் போனார். அவர் தலை மறைந்ததும் பெரியவர் நாயைத் தட்டில் ஏற்றினார். பதினெட்டு. அன்றிலிருந்து தினமும் காலையில் முதல் போணி நாய்தான். நாலு காலையும் அந்தச் சின்னத் தட்டில் ஒடுக்கிக்கொண்டு, போட்டோவுக்கு நிற்கும் மாப்பிள்ளை மாதிரி அசையாமல் நிற்கும். முள் பதினெட்டைக் காட்டினால் மெஷின் சரி. இரும்புக் கல் வாங்க வக்கில்லாத மனுஷன் கண்டுபிடித்த வழி அது.

"கல்லுகூட தேயும் தம்பி, இவன் தேயமாட்டான்" என்பார்.

காலைச் சாப்பாடு இருவருக்கும் சேர்த்து ஒரு பன். அதில் பெரிய பாதி நாய்க்கு. "எங்க ரெண்டு பேர்ல எடை குறையக் கூடாதவன் அவன்தானே!"

ஒரு நாள் முள் பதினேழில் நின்றது. பெரியவர் மெஷினைத் தட்டினார், துடைத்தார், நாயை இறக்கி மறுபடி ஏற்றினார். பதினேழுதான்.

"ஸ்பிரிங் இறுகிப்போச்சு. தம்பி, அந்தத் திருப்புளியக் குடு."

கொடுத்தேன். அடியில் இருந்த திருகைத் திருப்பி, முள்ளைப் பதினெட்டுக்குக் கொண்டுவந்துவிட்டு நாயைத் தட்டிக்கொடுத்தார். பத்து நாளில் மறுபடியும் கேட்டார். அதற்கப்புறம் இன்னும் இரண்டு தடவை. ஒவ்வொரு தடவையும் நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

பன்னின் பெரிய பாதி தின்னப்படாமல் கிடக்க ஆரம்பித்தது. வெயில் என்றார். நாயின் விலா எலும்பு என் கண்ணில் படாமல் இல்லை. சாவியில் மயிரிழைப் பள்ளத்தைப் பார்க்கிற கண் இது. ஆனால் ஊர் வம்பெல்லாம் அளக்கிற என் வாய் அங்கே மட்டும் ஒட்டிக்கொண்டது. ஒரே ஒரு நாள் சுற்றிவளைத்துக் கேட்டேன்.

"பெரியவரே, தட்டு காலியா இருக்கறப்பவே முள்ளு மூணுல நிக்குதே?"

"காலித் தட்ட எவன்யா எடை பாப்பான்?"

நானும் சிரித்துவைத்தேன். அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்துவிடக் கூடாது என்றுதான் அத்தனை பாடும் பட்டிருக்கிறார்.

எடை பார்க்க வந்தவர்கள் சண்டை பிடித்தார்கள். "பட்டினி கெடந்து நடையா நடக்கறேன், நாலு கிலோ ஏறிட்டேங்குது உன் மெஷின்!" என்று ஒரு தொந்திக்காரர் குதித்தார். கடைசியில் வாராவாரம் வரும் நர்ஸ் அம்மாதான் நின்று கேட்டாள்.

"தாத்தா, ஆஸ்பத்திரி மெஷின்ல அம்பத்திரண்டு. இங்க அம்பத்தாறு காட்டுது."

"அது தப்பா இருக்கும்மா. என்கிட்ட கல்லு இருக்கு."

அவள் குனிந்து நாயின் முதுகைத் தடவினாள். கை அங்கேயே நின்றுவிட்டது.

"மெஷினுக்கு ஒண்ணும் ஆகல தாத்தா. இவனுக்குத்தான் உடம்பு சரியில்ல."

"உன் வேலையப் பாத்துக்கிட்டுப் போம்மா!" அதட்டிப் பேசியே அறியாத மனுஷன் கத்தினார். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, நாயைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். முதுகு போனவர் என்று யாரும் சொல்ல முடியாது, அப்படி நடந்தார். நான் போட்டது போட்டபடி பின்னாலேயே ஓடினேன்.

"வயித்துல கட்டி. முத்திப்போச்சு" என்றார் கால்நடை டாக்டர். "ரெண்டு மாசம் முன்னாடி வந்திருந்தா ஏதாவது செஞ்சிருக்கலாம். எடை குறையறத கவனிக்கலையா?"

பெரியவர் என்னைப் பார்த்தார். பிறகு டாக்டரைப் பார்த்தார்.

"தினமும் எடை பாத்தேங்க" என்றார்.

எனக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போலிருந்தது.

அதற்கப்புறம் ஐந்து நாள். அவர் நாயைத் தட்டுக்குக் கூப்பிடவே இல்லை. ஆனால் மெஷினைக் கீழே வைத்த சத்தம் கேட்டதும் அது தள்ளாடி எழுந்து, தானே ஏறி, நாலு காலையும் ஒடுக்கிக்கொண்டு நிற்கும். இவர் முள்ளைப் பார்க்காமல் அதன் முகத்தையே பார்ப்பார். "சரியா இருக்குடா. எறங்கு" என்பார்.

ஆறாம் நாள் வரவில்லை. ஏழாம் நாள் தனியாக வந்தார். மெஷினை வைத்துத் துடைத்தார். காலித் தட்டில் முள் நாலில் நின்றது. நான் அவர் கேட்காமலே திருப்புளியை நீட்டினேன்.

"வேணாம் தம்பி."

"தப்பா காட்டுமே பெரியவரே."

"காட்டட்டும். இத்தன நாளா நான் திருகித் திருகி மறச்சது இதுதானே. இனிமே மறைக்க மாட்டேன்."

கைப்பையோடு ஒருவர் வந்து தட்டில் ஏறினார். "எழுபத்தெட்டா?" என்று திடுக்கிட்டார்.

"நாலு கழிச்சுக்கோங்க."

"ஏன்?"

"அது என் நாயோடது."

வந்தவர் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு இறங்கிப் போனார். முள் திரும்பி வந்து நாலில் நின்றது. பெரியவர் அதன் மேல் ஒரு தூசி இருந்ததுபோலத் துண்டின் நுனியால் மெதுவாகத் துடைத்தார்.