பன்னிரண்டாவது கிண்ணம்

ஜெர்மன்கார மருமகள் முதல்முறையாக எங்கள் அபிராமபுரம் வீட்டுக்கு வருகிறாள் என்றதும், அவள் மொழியில் எட்டுச் சொற்களை மனப்பாடம் செய்தேன். அவற்றில் ஒன்று ‘லெக்கர்’. ருசியாக இருக்கிறது என்று பொருள்.

வந்த மறுநாள் உருளைக்கிழங்கை மசித்துப் பால் விட்டு ஒரு சூப் செய்தாள். காரமில்லை, புளியில்லை. மரியாதைக்கு ‘லெக்கர்’ என்றேன். போன இடத்தில் எதைப் போட்டாலும் பிரமாதம் என்பது நம் வழக்கம். யாரும் அதை நம்புவதில்லை. அவள் நம்பிவிட்டாள். அவர்கள் ஊரில் நிஜமாகவே பிடித்தால்தான் அப்படிச் சொல்வார்களாம். தினமும் மத்தியானம் எனக்கு ரசம் போய் சூப் வந்தது. உண்மையைச் சொன்னால் அவள் முகம் வாடும். தினமும் ‘லெக்கர்’ என்றேன்.

“உங்க வாய்தான் உங்களுக்குச் சத்ரு. சாப்பிடுங்கோ,” என்றாள் மனைவி, தன் தட்டில் ரசத்தை விட்டுக்கொண்டே.

பதினோரு கிண்ணம். பிறகு மகனும் மருமகளும் ஊருக்குக் கிளம்பினார்கள். மறுநாள் ரசத்துக்காக உட்கார்ந்தேன். சமையல்காரம்மா அதே கிண்ணத்தோடு வந்தாள்.

“அந்தப் பொண்ணு எனக்குக் கத்துக் குடுத்துட்டுதான் போச்சு, பெரியவரே. நீங்க துன்றத வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லிக்கீது.”

போனை என் முகத்துக்கு நேரே பிடித்தாள். ‘லெக்கர்’ என்றேன்.