முன்கூட்டியே ஒரு மொட்டை

வேண்டுதல் பலிப்பதற்கு முன்பே மொட்டை போட்டுக்கொண்ட முட்டாள் திருத்தணியில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். இன்று பேருந்தில், முன்சீட்டுக் குழந்தையின் மொட்டையிலிருந்து சந்தன வாசனை வந்ததும், சின்ன வயதில் பார்த்த, குளக்கரையில் இப்போது இல்லாத அந்த மொட்டை போடும் கீற்றுக் கொட்டகைக்குள் போய் உட்கார்ந்துவிட்டேன்.

சிங்கம், புலியெல்லாம் காட்ட மெட்ராஸ் உயிர்காலேஜுக்கு அழைத்துப் போவதாகச் சொன்ன நைனா, "ரெண்டு கையிலயும் ரெண்டு பேரப் புடிச்சிகினா சோத்து மூட்டைய யாரு தூக்கறது? பெரியவன் மட்டும் வரட்டும்" என்று முடித்துவிட்டார். அன்றிலிருந்து அண்ணன் தினமும் தறி பக்கத்தில் உட்கார்ந்து, முதலில் சிங்கம், அப்புறம் புலி, கடைசியில் முதலை என்று வரிசை போட்டுக்கொண்டிருக்க, தறிச் சத்தத்தையும் மீறி என் வயிறு எரிகிற சத்தம் எனக்கே கேட்டது.

அவனுக்குக் காய்ச்சல் வந்தால் மொட்டை போடுகிறேன் என்று முருகனிடம் வேண்டிக்கொண்டேன். சாமிக்கு ஆயிரம் வேலை, மறந்துவிடுவார் என்று பயந்து, அவர்கள் புறப்படுவதற்கு முதல் நாளே கொட்டகைக்கு ஓடினேன். ஈர முடி காலில் ஒட்ட, கத்தி தீட்டுகிற சரக் சரக்கோடு தமிழில் ஒரு குழந்தையும் தெலுங்கில் ஒரு குழந்தையும் அழுதுகொண்டிருக்க, எங்கள் தெருக்கார நாவிதர் காசு வாங்காமல் சும்மாவே வழித்து, சந்தனம் அப்பி அனுப்பினார்.

காய்ச்சல் எனக்குத்தான் வந்தது.

மறுநாள் ராத்திரி திரும்பி வந்த அண்ணனிடம், போர்வைக்குள்ளிருந்து பொறுக்கமாட்டாமல் கேட்டேன்: "சிங்கம் எப்டிண்ணா இருந்துச்சி?"

"அதுக்கு முடி இருக்குதுடா."